வெள்ளக்கடைக்கு ஒரு மூட்டை ஜிப்சம்

செவ்வாய், காலை 5.10

வேதாரண்யம் பஸ் நிலையத்தில் மூட்டையோடு நின்றேன். முப்பது கிலோ ஜிப்சம். பையில் ஒரு லிட்டர் சிலிக்கா மருந்து, இரண்டு வேட்டி, ஒரு துண்டு. திருத்துறைப்பூண்டி பஸ் வந்தது. கண்டக்டர் தெரிந்தவர். மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“என்ன மாமா, உப்பா?”

“உப்புக்கு மருந்து.”

“எங்க போவுது?”

“ஏற்காட்டுக்கு.”

“மலையில ஏது மாமா உப்பு?”

“அதத்தான் பாக்கப் போறேன்.”

மூட்டைக்கும் டிக்கெட் போட்டார். படியருகே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளக்கடை என்று ஒரு ஊர். என் தங்கை செல்வி அங்கே இருக்கிறாள். பத்தொன்பது வயதில் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே வேலை பார்த்த முருகேசனைக் கட்டிக்கொண்டாள். அவர் வெள்ளக்கடைக்காரர். பதினாறு வருஷம் ஆயிற்று. அரை ஏக்கர் சரிவு நிலம். சவுக்கு மாதிரி நெட்டையாக வளரும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் நாற்பத்திரண்டு மிளகுக் கொடி, நடுவே காப்பிச் செடி.

முருகேசன் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன் சிறுநீரகம் இரண்டும் நின்று போயின. திங்களும் வியாழனும் சேலத்துக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஜீப் ஓட்ட முடியாது. அதிலிருந்து வீடு நடப்பது மிளகில்தான்.

பத்து நாளைக்கு முன் செல்வி போன் செய்தாள்.

“அண்ணே, மொளகுக் கொடி கருகுது. எல ஓரம் மட்டும் கருகிக்கிட்டே உள்ள வருது. கடல் வந்தப்ப நம்ம வயலு கருகுச்சே, அதே மாதிரி. இங்க சொன்னா சிரிக்கிறாங்க.”

நான் சிரிக்கவில்லை. கடல் எங்கள் வயலுக்குள் வந்து நின்றபோது அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பார்த்தவள் சொல்வது வேறு.

அந்த வருஷத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். மூன்று ஏக்கர். கடல் தண்ணீர் வடிந்த பிறகு மண் வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. ஜிப்சம் போடச் சொன்னார்கள். தூவினேன். மருந்து போட்டாயிற்று என்று சும்மா இருந்துவிட்டேன். நாற்று நட்டதும் செத்தது. ஒரு வருஷம் போயிற்று. பிறகுதான் புரிந்தது. மண்ணைப் பிடித்திருக்கும் உப்பை ஜிப்சம் கழற்றி மட்டும் விடும். கழன்ற உப்பை நல்ல தண்ணீர்தான் வெளியே கொண்டு போகும். சிலிக்கா பயிருக்குத் தெம்பு. மிச்சம் இருக்கும் உப்பைத் தாங்கிக்கொள்ளும் தெம்பு. இரண்டும் உப்பைத் தின்றுவிடாது. வரப்பை உயர்த்தி, மழைத் தண்ணீரைக் கட்டி, வடிகால் வெட்டி வெளியே விட்டேன். மூன்றாம் வருஷம் நெல் வந்தது.

பகல் 11.20, திருச்சி

தஞ்சாவூர் வழியாக வந்து சேர்ந்தேன். இரண்டு பஸ் மாறியாயிற்று. ஒவ்வொரு தடவையும் மூட்டையைத் தோளில் ஏற்றி இறக்கினேன். போர்ட்டர் ஐம்பது ரூபாய் கேட்டார். வேண்டாம் என்றேன். தயிர் சாதம் நாற்பது ரூபாய். சேலம் பஸ்ஸில் ஏறினேன். நூற்று நாற்பது கிலோமீட்டர். நாமக்கல் தாண்டித் தூங்கிவிட்டேன்.

மாலை 4.00, அடிவாரம்

சேலத்தில் ஏற்காடு பஸ் பிடித்தேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான். அடிவாரம் செக்போஸ்ட்டில் நிறுத்தி பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மூட்டையைக் காட்டினேன். “சுண்ணாம்புங்களா?” என்றார் போலீஸ்காரர். “மாதிரிதான்” என்றேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. எட்டாவது வளைவில் கீழே பார்த்தேன். தரையில் வெள்ளை வெள்ளையாகத் தோண்டிப் போட்ட குவியல்கள். எங்கள் உப்பளம் போலவே இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் அது வெள்ளைக்கல் தோண்டிய இடம் என்றார். பன்னிரண்டாவது வளைவில் குளிர் தொடங்கியது. துண்டைப் போர்த்திக்கொண்டேன். ரோட்டோரம் வெட்டிய மண் செங்கல் நிறம். உப்பு இருக்கும் மண்ணுக்கு அந்த நிறம் வராது. செல்வி தப்பாகப் பார்த்துவிட்டாளோ என்று தோன்றியது.

மாலை 5.30

ஏற்காட்டில் டீ பதினைந்து ரூபாய். மினி பஸ்ஸில் கூட்டம். சேர்வராயன் கோயில் திருவிழா வருகிறது என்றார்கள். எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாள், கழுத்தில் சிலுவை, மடியில் பை. அடிக்கடி திரும்பி மூட்டையைப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க செல்வியோட அண்ணனுங்களா?”

“ஆமாம்மா.”

“மூட்டையப் பாத்ததுமே நெனச்சனுங்க. நானு பிலோமினா. பக்கத்து ஊடு. எஸ்டேட்டு வேலைங்க.” குரலைத் தாழ்த்தினார். “கொடி நொம்ப மோசமுங்க. எங்க எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு வந்து பாத்துட்டு, மண்ணு புளிச்சுப் போச்சு, சுண்ணாம்பு போடுன்னாரு. மூணு மூட்டை போட்டா. ஒண்ணுமே கேக்கல.”

மலையில் மழை அதிகம். மண்ணில் அமிலம் ஏறிப் புளிக்கும். எந்தச் செடி வாடினாலும் சுண்ணாம்புதான் போடுவார்கள். அவர் குற்றமில்லை.

“உப்புன்னு அவ சொன்னப்ப என்ன சொன்னீங்க?”

“சிரிச்சனுங்க” என்றார் பிலோமினா. “மழ பேஞ்சா மலையில உப்பு நிக்குமுங்களா?”

6.15க்கு வெள்ளக்கடை. செல்வி ரோட்டில் நின்றாள். இளைத்திருந்தாள். மூட்டையில் ஒரு பக்கம் பிடித்தாள். “வேண்டாம், விடு” என்றேன். விடவில்லை.

முருகேசன் வாசலில் நாற்காலியில் இருந்தார். எழுந்து நிற்கப் பார்த்தார். கை வீங்கி, முகம் கறுத்திருந்தது.

“வாங்க மச்சான். மலைக்கே மருந்து கொண்டாந்துட்டீங்க. எனக்கு ஏதாச்சும் அதுல இருக்குதுங்களா?”

“உங்களுக்கு அடுத்த தடவை மாப்ள.”

இரவுச் சாப்பாட்டில் எதிலும் உப்பில்லை. அவருக்கு ஆகாது. தனியாகச் சமைக்காமல் செல்வியும் அதையே சாப்பிடுகிறாள். என் தட்டோரம் மட்டும் கொஞ்சம் உப்பு வைத்தாள். நான் தொடவில்லை.

புதன், காலை 6.30

தோட்டம் பார்த்தேன்.

அவள் பார்த்தது சரி. இலை நுனியும் ஓரமும் கரிந்து, நடு மட்டும் பச்சை. நோய் என்றால் புள்ளி விழும், அங்கங்கே பரவும். இது கோடு போட்டதுபோல இருந்தது. மேல் வரிசைக் கொடிகள் ஒன்பது முழுதாகக் காய்ந்துவிட்டன. அடுத்த இரண்டு வரிசை பாதி. கீழே போகப் போகக் குறைவு. ஓரத்து மரங்களில் ஒன்றுமே இல்லை.

ஒன்பதாவது கொடியின் அடியில் மண் எடுத்தேன். டம்ளரில் கரைத்துத் தெளிய விட்டேன். நாக்கில் வைத்தேன். துப்பினேன்.

“என்ன அண்ணே?”

“உப்புதான். நம்ம ஊரு உப்பு.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்லும் வரை அவளுக்கும் நம்பிக்கை இல்லை போலும்.

மூட்டையைப் பிரிக்கச் சொன்னாள். நான் பிரிக்கவில்லை. உப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஜிப்சம் போடுவது வீண். ஒரு தடவை அப்படிச் செய்தவன் நான்.

மேல் வரிசைக்கு மேலே ஒரு சின்ன வாய்க்கால் ஓடியது. ஒரு முழம் அகலம். கரையைத் தட்டி அழகாக வெட்டியிருந்தது.

“இது யார் வெட்டினது?”

“நான்தான். அவரு படுத்ததுக்கப்புறம் கீழ ஓடையிலேருந்து தண்ணி தூக்க ஆளில்ல. மேல பெரிய பாற இருக்கு. மழ பேஞ்சா அங்கேருந்து தண்ணி சும்மா ரோட்டுக்கு ஓடும். அதத் திருப்பி விட்டேன். இருபது நாள் வெட்டினேன்.”

நல்ல வேலை. மலையில் அப்படித்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். அவள் முருகேசனுக்கு மருந்து கொடுக்க வீட்டுக்குப் போனாள்.

காலை 8.00

வாய்க்கால் ஒரு பாறையில் முடிந்தது. பாறைக்கு மேலே ரோட்டு வளைவு. வளைவில் நாவல் மரத்தடியில் ஒரு முனியப்பன். கூரை இல்லை. ஒரு கல், நாலு வேல். கல்லுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு உப்புக் குவியல். மழையில் நனைந்து, வெயிலில் இறுகி, மேலே புது உப்பு கொட்டிக் கிடந்தது. நடுவில் மிளகு கறுப்பாகத் தெரிந்தது. குவியலின் அடியிலிருந்து பாறை மேல் வெள்ளைக் கோடு இறங்கியது. நேராகச் செல்வியின் வாய்க்காலுக்கு.

ரோட்டைக் கடந்தேன்.

எதிரே தகரக் கூரைக் கடை. கடைக்காரர் தங்கராசு. தேங்காய், சூடம், குளிர்பானம். முன்வரிசையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் அடுக்கு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் அச்சடித்திருந்தது.

“வேண்டுதலுங்களா?” என்றார். “உடம்புல என்ன நோவா இருந்தாலும் உப்பும் மொளகும் போட்டாப் போதுமுங்க. உப்பு கரையக் கரைய நோவும் கரையும்.”

“ரொம்ப நாளா இருக்கா?”

“எங்க அப்பாரு காலத்துலயே உண்டுங்க. அப்ப எல்லாம் ஊட்டுலேருந்து ஒரு கைப்பிடி கொண்டாந்து போடுவாங்க. போன வருஷம் யாரோ செல்போனுல படம் போட்டு உட்டாங்க. அதுலேருந்து ஞாயித்துக்கெழமை காரு நிறுத்த எடமில்லீங்க. காருல வர்றவன் கைப்பிடியாப் போடுவான்? பாக்கெட்டோட கொட்டறான்.” சிரித்தார். “உள்ளூருல தவறாம வாங்கறது கீழூட்டு செல்விதானுங்க. செவ்வாய்க்கு ஒரு பாக்கெட்டு. பாவம், ஊட்டுக்காரருக்கு கிட்னி. அந்தப் புள்ளைக்கு மட்டும் ரெண்டு ரூவா கொறச்சுத் தர்றனுங்க.”

பாக்கெட்டை இருந்த இடத்தில் வைத்தேன்.

“நேத்தும் வாங்குனாளா?”

“காலைலயே. அண்ணன் வர்றாருன்னு சொல்லிச்சு.”

கீழே இறங்கினேன். செல்வி கேட்டாள். “மேல முனியப்பன் கிட்டேருந்து வருது” என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்தது. அணைக்கவில்லை. நான்தான் அணைத்தேன்.

அன்று பகல் முழுக்க அவள் தோட்டப் பக்கம் வரவில்லை. மாலையில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அவரு சாப்புடக் கூடாத உப்ப சாமி வாங்கிக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன் அண்ணே. வாரம் ஒரு கிலோ. ஒன்றர வருஷமா.”

“உன்னோட ஒரு கிலோவால இல்ல. ஊரே கொட்டுது.”

“வாய்க்கா நான்தானே வெட்டினேன்.”

கரையில் உதிர்ந்திருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டேன்.

“நிறுத்திட்டா அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?” என்றாள். “நிறுத்தலன்னா கொடி போயிரும். கொடி போனா சேலத்துக்கு எதுல போறது? அவருகிட்ட சொல்லிறாத.”

வானம் தெற்கே கறுத்திருந்தது. பெரிய மழை ஒன்று வந்தால் குவியல் முழுக்க ஒரே நாளில் தோட்டத்துக்குள் வந்துவிடும். மீதி முப்பத்து மூன்று கொடியும் தாங்காது.

வியாழன், காலை 5.45

முருகேசனோடு நான் போனேன். செல்வி எஸ்டேட்டில் ஒரு நாள் வேலைக்குப் போகட்டும் என்று. முதல் பஸ். இருபது வளைவும் இறங்க அவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

சேலம் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம். வரிசையாக மெஷின்கள். கையிலிருந்து சிவப்புக் குழாய் போய், சிவப்புக் குழாய் திரும்பி வருகிறது. என்னைச் சற்று நேரம் பக்கத்தில் உட்கார விட்டார்கள்.

“இதுவும் உங்க வடிகால் மாதிரிதான் மச்சான்” என்றார். “கொணமாகாது. வடிச்சு வுடும். மறுபடி சேரும். மறுபடி வடிக்கோணும்.”

“ம்.”

“அவ உப்பு கொட்டறது எனக்குத் தெரியுமுங்க.”

அவரைப் பார்த்தேன்.

“கடைக்காரன் தங்கராசுக்கு வாயி நிக்குமுங்களா? தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. கொட்டற அன்னிக்கி மட்டும் அவ மூஞ்சி கொஞ்சம் தெளிவா இருக்கும். அதக் கெடுப்பானேன்னு வுட்டுட்டன். கொடி கருகறதுக்கு அதான் காரணமுங்களா?”

சொல்லிவிடாதே என்று அவள் கேட்டது நினைவிருந்தது. ஆனால் அவர் கேட்டதற்குப் பொய் சொல்ல வரவில்லை.

“மேல கொட்டுற மொத்தமும்தான் காரணம்.”

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஊசி குத்திய கையை அசைக்காமல், மற்ற கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். வளைவுகளில் அவர் தலை விழாமல் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளி, காலை 7.00

முருகேசன் மேலே வருகிறேன் என்றார். செல்வி தடுத்தாள். கேட்கவில்லை. வீட்டிலிருந்து முனியப்பன் வரை எண்பது படி இருக்கும். இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினார். பின்னால் பிலோமினாவும் வந்தார். பூசாரி பெரியண்ணனை வரச் சொல்லியிருந்தோம். ரோட்டு வேலைக்குப் போகிறவர், கையில் மண்வெட்டியோடு வந்தார். தங்கராசு கடையைத் திறந்து வைத்துவிட்டு வந்தார்.

நான் வெள்ளைக் கோட்டைக் காட்டினேன். வாய்க்காலைக் காட்டினேன். கருகிய இலையையும் பச்சை இலையையும் பூசாரி கையில் கொடுத்தேன். அவர் குனிந்து கோட்டைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

“அட சாமி” என்றார்.

தங்கராசு முந்திக்கொண்டார். “உப்பு போடாதீங்கன்னு மட்டும் போர்டு வெச்சுறாதீங்க. பாக்கெட்டு வித்தாத்தானுங்க கடை.”

“எங்க சாமிக்கு மெழுகுத்திரி, உங்க சாமிக்கு உப்பு” என்றார் பிலோமினா. “மெழுகாச்சும் எரிஞ்சு போயிருது. இத எங்க கொண்டு போறது?”

“நீ சும்மா இரு அம்மணி.”

“நான் எதுக்குச் சும்மா இருக்கோணும்? அடுத்த மழைக்கு எங்கூட்டுக் காப்பிக்குத்தான் வரும்.”

செல்வி ஒதுங்கி நின்றாள். கையில் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முருகேசன் நாவல் மரத்தில் சாய்ந்து நின்றார். மூச்சு வாங்கியது. எல்லாரும் அவர் பேசக் காத்திருந்தார்கள்.

“டாக்டரு எனக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை உப்புதான்னு சொல்லியிருக்காரு” என்றார். “முனியப்பனுக்கு மட்டும் எதுக்கு ஒரு கிலோ? அவருக்கும் வயசாச்சு. கிட்னி போயிரும்.”

பூசாரி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். செல்வி சிரிக்கவில்லை. கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“இனிமே சிட்டிகை போடு புள்ள” என்றார் அவர். “நானும் கூட வந்து போடறன். ரெண்டு பேரும் போட்டா ஒரு கிலோவுக்குச் சமம்.”

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைக்கவில்லை. வழிய விட்டாள்.

பூசாரிக்கு அது பிடித்துவிட்டது. அவர் அப்பா காலத்திலும் கைப்பிடிதானே என்றார். தங்கராசு கொஞ்சம் யோசித்தார். ஒரு பாக்கெட்டைப் பிரித்து இருபது பொட்டலம் கட்டினால், பொட்டலம் ஐந்து ரூபாய் என்று விற்கலாம் என்று கணக்குப் போட்டார். முகம் தெளிந்தது. “சாமி கொறச்சுக் கேட்டா நாம என்னங்க பண்றது” என்றார்.

கீழே விழுவது மண்ணில் விழாமல் இருக்க ஒன்று வேண்டும். பிலோமினா வீட்டில் பழைய கிணற்று உறை ஒன்று கிடந்தது. சிமெண்டு வளையம். “எடுத்துக்கங்க. எங்க மாதாவும் ஒண்ணும் சொல்லாது” என்றார். நாலு பேர் உருட்டி ஏற்றினோம். அடியில் சிமெண்டு பூசினோம். மேலே ஒரு தகரம்.

மீதி நின்றது பழைய குவியல். அள்ளப் போனேன். பூசாரி தடுத்தார்.

“சாமிக்குப் போட்டதுங்க. காலு படற எடத்துல கொட்டக் கூடாது. தண்ணியிலதான் கரைக்கோணும்.”

“எந்தத் தண்ணியில?”

அவர் ஓடையைக் கையால் காட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார். அந்த ஓடை கீழே மூன்று ஊருக்குக் குடிதண்ணீர். மலையில் ஓடும் எந்தத் தண்ணீரும் யாருடைய தோட்டத்துக்கோ, யாருடைய குடத்துக்கோ போகிறது.

“கடலில் கரைக்கலாமா?” என்றேன்.

“கடலுக்கு மேல என்னங்க தண்ணி” என்றார் பூசாரி.

ஜிப்சம் மூட்டையைத் தோட்டத்தில் காலி செய்தோம். தண்டைத் தொடாமல் கொடிக்கு இரண்டு கை, மேல் வரிசைகளுக்கு மூன்று. லேசாகக் கொத்திவிட்டு, வீட்டுத் தொட்டித் தண்ணீர் ஊற்றினோம். வாய்க்காலின் வாயை அடைத்தேன். தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு வடிகால் வெட்டினேன். கழன்று வரும் உப்பு ரோட்டோர மதகு வழியாகக் கல்லுக்கொல்லைக்குப் போகும். அங்கே பயிர் இல்லை.

“பாறையில ஒட்டினதக் கழுவ ரெண்டு மழை போகட்டும். அப்புறம் வாயத் தொறந்து விடு. உன் வாய்க்கா நல்ல வாய்க்கா” என்று செல்வியிடம் சொன்னேன்.

மாலை மூன்று மணிக்கு மழை வந்தது. கோடை மழை. அதற்குள் குவியலை அள்ளிவிட்டோம். இளகிக் கிடந்தது இருபத்தெட்டு கிலோ தேறியது. இறுகிக் கிடந்ததைப் பூசாரி உடைத்து உறைக்குள் போட்டார். அதை அடுத்த தடவை கொண்டுபோவதாகச் சொன்னேன். வடிகாலில் தண்ணீர் செங்காவியாக ஓடியது. கையில் பிடித்து நாக்கில் வைத்தேன். கரித்தது. வெளியே போகிறது என்று அர்த்தம்.

சனி, காலை 6.00

மழை விட்டிருந்தது. பச்சை மிச்சம் இருந்த இலைகளுக்குச் சிலிக்கா தெளித்தோம். டப்பாவில் எழுதியிருந்தபடி கலந்தேன். இருபது நாளைக்கு ஒரு தடவை தெளிக்கச் செல்விக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்பது கொடி போனது போனதுதான். அதையும் சொன்னேன். மற்றவை பிழைக்கும் என்று சொல்லவில்லை. பிழைக்கலாம் என்றேன்.

ஜிப்சம் வந்த அதே சாக்கில் உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டு உப்பைக் கட்டினேன். முருகேசன் வாசல் வரை வந்தார்.

“வந்தப்ப மருந்து. போறப்ப நோவு. நல்ல யாவாரம் மச்சான் உங்களுக்கு.”

“பாத்துக்குங்க மாப்ள.”

“பாத்துக்கறனுங்க.”

செல்வி மூட்டையில் ஒரு பக்கம் பிடித்தாள். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. இருவருமாக ரோடு வரை தூக்கி வந்தோம்.

மினி பஸ், ஏற்காடு, இருபது வளைவு, சேலம், திருச்சி, தஞ்சாவூர். எட்டாவது வளைவில் அந்த வெள்ளைக் குவியல்களை மறுபடி பார்த்தேன். ஏறக்குறைய முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டியில் இரவாகிவிட்டது. வேதாரண்யம் கடைசி பஸ்ஸில் அதே கண்டக்டர்.

“என்ன மாமா, மருந்து விக்கலயா? திரும்பக் கொண்டாந்துட்டியே?”

“இது உப்பு.”

“உப்பா?” விசில் அடிக்கப் போனவர் நிறுத்திவிட்டார். “வேதாரண்யத்துக்கு உப்பு கொண்டு போற மொத ஆளு நீதான்யா.”

பஸ்ஸே சிரித்தது. டிக்கெட் எடுத்தேன். சாமி உப்பு என்று சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் மூட்டையைத் தானே தூக்கிச் சீட்டுக்கு அடியில், கால் படாத இடத்தில் தள்ளி வைத்தார்.

ஞாயிறு, காலை 6.00

கடலில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் மூட்டையைப் பிரித்தேன். உப்பு கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தெரிந்தது. மிளகு மட்டும் மிதந்து, ஒவ்வொன்றாக விலகிப் போயிற்று. பிறகு ஒன்றும் இல்லை. அதில் யார் யாருடைய நோவு இருந்ததோ. செல்வியுடையது மட்டும் எழுபது, எண்பது வாரத்தது.

கரையேறும்போது போன் அடித்தது.

“மழ பேயுது அண்ணே. வடிகால்ல தண்ணி போவுது. நாக்குல வெச்சுப் பாத்தேன். முந்தாநேத்து மாதிரி கரிக்கல.”

“அவர்?”

“குடையப் புடிச்சுக்கிட்டு வடிகாலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்குறாரு.”

“உக்காரட்டும் விடு.”

கடலிலிருந்து என் வயல் ஒன்றரை கிலோமீட்டர். நடந்து போனேன். மலையில் உப்பு வரும் வழி ஒரு முழ அகலம். அடைத்துவிட்டு வந்தேன். எங்களுக்கு அந்தப் பக்கம் முழுக்கக் கடல். அதை அடைக்க முடியாது. வருஷா வருஷம் ஜிப்சம் போட வேண்டும், கழுவ வேண்டும், வடிக்க வேண்டும். வரப்பில் மறுபடி லேசாக வெள்ளை பூத்திருந்தது. நான் இல்லாத ஐந்து நாளில்.

சாக்கை நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி வேலியில் காயப் போட்டேன். நடவுக்கு முன்னால் அதில்தான் என் வயலுக்கு ஜிப்சம் வர வேண்டும்.